கைதட்டாதீங்க!

ராவ்சாகிப் தாண்டவராயர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். கள்ளையும் சாராயத்தையும் அவர் திட்டாத ஊர் இல்லை. ராயபுரத்தில் திட்டினார். திருவொற்றியூரில் திட்டினார். எண்ணூருக்கு மோட்டாரில் போய்த் திட்டிவிட்டு, திரும்பும் வழியில் நாலு பேர் நிற்பதைப் பார்த்து, வண்டியை நிறுத்தி இன்னொரு முறை திட்டினார்.

அது 1934-ஆம் வருஷம். கல்மண்டபம் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வர அவர் ஒப்புக்கொண்டார். குடியின் கெடுதலைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டுமாம்.

செய்தி கேட்டதும் தலைமையாசிரியர் ரகுபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்து ஒரு நாடகமே எழுதிவிட்டார். நாடகத்தில் எல்லோரும் சுத்தமான செந்தமிழில் பேசினார்கள். குடிகாரன்கூட.

குடிகாரனாக நடிப்பது ஐந்தாம் வகுப்பு வேலப்பன். குடிகாரனின் மனைவி சிவந்தி, அவளும் ஐந்தாம் வகுப்புதான். இருவரும் மீனவர் குப்பத்தில் அடுத்தடுத்த வீடு.

"ஏ சிவந்தி, என் சாவு வசனம் கேக்கிறியா?" என்று தினமும் வருவான் வேலப்பன்.

"நேத்துதான கேட்டேன்?"

"நேத்து கேட்டது பாதி சாவுடி. இன்னிக்கு முழு சாவு."

நாடகத்தின் கடைசியில் அவன் கீழே விழுந்து, ஒரு பக்கம் வசனம் பேசிவிட்டுத்தான் சாவான். 'ஏ மானிடர்காள்! மதுவால் மடியும் இம்மாணிக்கத்தைக் காணீர்!' என்று தொடங்கும். அலை ஓரத்தில் நின்று அதைக் கத்திக் கத்திப் பழகியிருந்தான். குப்பத்து நாய்களுக்குக்கூட அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

"சிவந்தி, நான் செத்தப்புறம் நீ இன்னா பண்ணணும்?"

"'பிராணநாதா'ன்னு அழுவணும்."

"நல்லா அழு. சும்மா மூக்க உறிஞ்சாத."

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல். முன்னால் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி, பின்னால் குப்பத்து ஜனங்களுக்குப் பாய். பாயின் முதல் வரிசையில் வேலப்பனின் அம்மா பூவம்மா, மீன் கூடையை வீட்டில் போட்டுவிட்டு, சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தாள்.

வேலப்பன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. சாகப் போகிற பரபரப்பில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு மேஜை. அதன்மேல் ஒட்டுத்தாடி, பவுடர் டப்பா, வெல்லத் தண்ணீர் நிரப்பிய ஒரு பழுப்புநிற மருந்துப் புட்டி. அதுதான் நாடகத்துச் சாராயம்.

ராவ்சாகிப்பின் டிரைவர் பக்ருதீன் இன்னொரு பழுப்புநிறப் புட்டியைக் கொண்டுவந்தார்.

"ஐயாவோட தொண்டை மருந்துங்க. பேசும்போது கேப்பாரு."

"இப்படி வையும், இப்படி வையும்!" என்றார் தலைமையாசிரியர். புட்டியைத் தன் மேல்துண்டால் துடைத்தார். பக்கத்துப் புட்டியையும் துடைத்தார். பிறகு பவுடர் டப்பாவையும் துடைத்தார். அத்தனை பக்தி.

"பிள்ளைகளே, நன்றாகக் கேளுங்கள்" என்றார். "மேடையில் என்ன நடந்தாலும் நடிப்பை நிறுத்தக் கூடாது. தும்மல் வந்தால்கூடப் பாத்திரத்துக்கு ஏற்றபடி தும்ம வேண்டும். வேலப்பா, டம்ளரில் ஊற்றியதை ஒரு சொட்டு விடாமல் குடிக்க வேண்டும். தெரிந்ததா?"

"தெரிஞ்சுது சார்."

ராவ்சாகிப் பேச எழுந்தார். "ஒரு துளி!" என்று விரலை உயர்த்தினார். "ஒரே ஒரு துளி உள்ளே போனாலும் மனிதன் மிருகம்! அந்தத் துளியை என் வாழ்நாளில் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை!"

கைதட்டல். ராவ்சாகிப் தொண்டையைச் செருமினார். "மருந்து" என்று கையை நீட்டினார்.

தலைமையாசிரியர் ஓடிப்போய் ஒரு புட்டியை எடுத்துத் தட்டில் வைத்து, குனிந்தபடியே கொண்டுபோய்க் கொடுத்தார். ராவ்சாகிப் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

அவர் கண்கள் படக்கென்று திறந்தன. முகம் கோணியது. பந்தல் ஓரத்தில் நின்ற பக்ருதீனை முறைத்தார். பாவம் பக்ருதீன், எதற்கு முறைக்கிறார் என்று தெரியாமல் சலாம் வைத்தார்.

அதற்குப் பிறகு ராவ்சாகிப்புக்குப் பேச்சில் மனம் செல்லவில்லை. சட்டென்று முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வைத்த புட்டி மேடை ஓரத்து முக்காலியிலேயே இருந்தது.

தட்டி மறைவிலிருந்து சிவந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காலியின் காலில் எறும்புகள் வரிசையாக ஏறின. நேராகப் புட்டியின் வாய்க்குப் போய் மொய்த்தன.

'மருந்துக்குக்கூட எறும்பு வருமா?' என்று நினைத்தாள். அதற்குள் ஆர்மோனியம் ஒலித்தது. நாடகம் தொடங்கிவிட்டது.

வேலப்பன் ஒட்டுத்தாடியோடு தள்ளாடி வந்தான். மேஜையில் மிச்சமிருந்த புட்டி அவன் கையில் இருந்தது. டம்ளர் நிறைய ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தான்.

உடனே கண் பிதுங்கியது. இருமினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"பலே!" என்றது நாற்காலி வரிசை.

"எரியுதுடி" என்று சிவந்தியின் காதில் முணுமுணுத்தான் வேலப்பன். "சாரு மொளகு கிளகு போட்டுக்கீறாரு போல."

"ஒன்ஸ் மோர்!" என்று ஒருவர் கத்தினார்.

அந்தக் காலத்தில் நாடகத்தில் ஒரு கட்டம் பிடித்துப்போனால் ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்பார்கள். கேட்டால் அதைத் திரும்பவும் நடித்துக் காட்டியே தீரவேண்டும். காட்டாவிட்டால் சபைக்கு அவமரியாதை.

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" பந்தலே கத்தியது. ராவ்சாகிப்கூட ஒரு விரலை உயர்த்தி, "ஒன்ஸ் மோர்" என்றார்.

தட்டிக்குப் பின்னால் தலைமையாசிரியர் ஆனந்தத்தில் குதித்தார். "இன்னொரு தடவை! குடி! குடிடா!"

வேலப்பன் புட்டியைப் பார்த்தான். அவனுக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது. ஆனால் நடிப்பை நிறுத்தக் கூடாதே. இன்னொரு டம்ளர் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

பிறகு ஒரு பாட்டு. பாட்டில் பாதி வரிகளை விழுங்கினான். பிறகு மனைவியோடு சண்டை. செந்தமிழை மறந்துவிட்டு, "இன்னா... இன்னாடி நீ... ரெண்டு பேரா கீற?" என்றான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால்கள் பின்னின. தூணில் மோதினான். அதற்கும் கைதட்டல்.

பிறகு வெட்டிய மரம்போல் விழுந்தான்.

சிவந்தி காத்திருந்தாள். 'ஏ மானிடர்காள்' வரவில்லை.

இன்னும் காத்திருந்தாள். வரவே இல்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. வேலப்பன் சோற்றை விடுவான், தூக்கத்தை விடுவான். அந்த வசனத்தை விடமாட்டான்.

குனிந்து அவன் கையைத் தொட்டாள். ஈர மணல் மாதிரி சில்லென்று இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"வேலப்பா... டேய், வசனம்டா..." என்று கன்னத்தைத் தட்டினாள். தலை அந்தப் பக்கம் துவண்டு விழுந்தது.

"சார்!" என்று அலறினாள் சிவந்தி. "சார், இவன் நடிக்கல! ஓடியாங்க!"

"ஆகா!" என்றார் நாற்காலியில் ஒருவர். "என்ன இயற்கையான நடிப்பு!"

"வசனம் அது இல்லையே!" என்று தட்டி மறைவிலிருந்து பல்லைக் கடித்தார் தலைமையாசிரியர். "'பிராணநாதா' என்று சொல்!"

"இவன் மெய்யாலுமே சாவறான்! கைதட்டாதீங்க! கைதட்டாதீங்கன்றேன்ல!"

கைதட்டல் இரண்டு மடங்கு ஆயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராவ்சாகிப் எழுந்து நின்று அறிவித்தார். "இந்தச் சிறுமிக்கு ஒரு வெள்ளி மெடல்!"

இத்தனை பேர் கண்ணெதிரே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை பேரும் 'பலே' சொல்கிறார்கள்!

இனிமேல் கத்திப் பயனில்லை. முதலில் வேலப்பனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கடலில் மூழ்கியவனைக் கரையேற்றினால் குப்பத்தில் யாரும் மல்லாக்கப் போடமாட்டார்கள். வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு கீழே கிடந்த புட்டியை எடுத்து மோந்து பார்த்தாள்.

வெல்ல வாசனை இல்லை.

மேடையிலிருந்து குதித்தாள். நாற்காலிகளைத் தாண்டி நேராகப் பாய்க்கு ஓடினாள்.

"பெரிம்மா, இத மோந்து பாரு!"

பூவம்மா சிரித்துக்கொண்டே வாங்கினாள். மோந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. புட்டியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு மேடைக்கு ஓடினாள்.

புட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று. போன இடத்தில் எல்லாம் கைதட்டல் நின்றது. முதல் பாய் அடங்கியது. இரண்டாம் பாய் அடங்கியது. கடைசியில் நாற்காலி வரிசை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அதிலும் கடைசியாக நின்றது ராவ்சாகிப்பின் கை.

"வேலப்பா! கண்ணு! என் ராசா!" பூவம்மா மகனைப் பிடித்து உலுக்கினாள். தலைமையாசிரியர் ஒரு சோடாப் புட்டியோடு ஓடிவந்து அவன் வாயில் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க சார்!" சிவந்தி அவர் கையைத் தட்டிவிட்டாள். "பொரை ஏறிடும். ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

ஆஸ்பத்திரி தூரம். ஜட்கா வண்டி பிடித்தால் நேரம் ஆகும். பந்தல் வாசலில் மோட்டார் நின்றது. ராவ்சாகிப் அதற்குள் அதன் கதவருகே போயிருந்தார். இவ்வளவு வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

பாயில் கைமாறிய புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடிவந்து, சிவந்தி வழியை மறித்தாள். "ஐயா, வண்டி வேணும்."

"அதற்கென்ன... ஆனால் இது புது மெத்தை. பிள்ளை ஒருவேளை..."

பக்ருதீன் அவர் முடிக்கும் வரை நிற்கவில்லை. பின்கதவைத் திறந்தார். "ஏத்துமா புள்ளைய!"

பூவம்மாவின் மடியில் வேலப்பன். அவன் புரண்டுவிடாமல் சிவந்தி பிடித்துக்கொண்டாள். ராவ்சாகிப் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். வழியெல்லாம் பூவம்மா மகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வழியில் வேலப்பன் வாந்தி எடுத்தான். ஒருக்களித்துப் படுத்திருந்ததால் அது வெளியே போயிற்று. வெளியே என்றால், ராவ்சாகிப்பின் சரிகை அங்கவஸ்திரத்தின் மேல். மிச்சம் புது மெத்தையின் மேல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலப்பனின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார்.

"என்ன குடித்தான்? எவ்வளவு?"

"ரெண்டு டம்ளர்" என்றாள் சிவந்தி.

"எதை? சாராயமா? மரத்துக்குப் பூசுகிற ஸ்பிரிட்டா? அதுவென்றால் வைத்தியமே வேறு. சீக்கிரம் சொல்லுங்கள்!"

ராவ்சாகிப் கனைத்தார். "நாட்டுச் சாராயமாகத்தான் இருக்கும், டாக்டர். இந்தக் குப்பத்து ஜனங்கள் இருக்கிறார்களே, என்ன வேண்டுமானாலும் காய்ச்சுவார்கள். எதைக் கலந்தார்களோ!"

சிவந்திக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. முக்காலிக் காலில் ஏறிய எறும்புகள் சட்டென்று அவள் நினைவுக்கு வந்தன.

"பொய்யி!" என்றாள். "இது உங்களுது!"

"என்ன உளறுகிறாய்?"

"நீங்க மேடையில குடிச்சீங்களே ஒரு மருந்து, அதுல எறும்பு மொய்ச்சுது. மருந்துக்கு எறும்பு வருமா? அது எங்க வெல்லத் தண்ணி. இனிச்சுதுன்னுதான் மூஞ்சி அப்டி பூட்சி! எங்க புட்டி உங்ககிட்ட வந்துட்சி. அப்போ உங்க புட்டி எங்கடா போச்சுன்னு பாருங்க!" புட்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல இன்னா கீது?"

"மருந்து."

"இன்னா மருந்து?"

ராவ்சாகிப் அறையைச் சுற்றிப் பார்த்தார். டாக்டர் அவரையே பார்த்தார். வாசலில் நின்ற பக்ருதீனும் பார்த்தார். கட்டிலில் வேலப்பனின் மார்பு ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு அசையாமல் கிடந்தது.

"ஐயா..." சிவந்தியின் குரல் உடைந்தது. "அவன் செத்துடுவான்யா. ஒரு வார்த்த சொல்லிடுங்கய்யா."

மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். ஒரு வார்த்தைக்கு அவர் வாய் திறக்கவில்லை. திறந்தபோது காற்றுதான் வந்தது.

"சத்தமாக!" என்றார் டாக்டர்.

"பிராந்தி" என்றார் ராவ்சாகிப். "நல்ல சீமைப் பிராந்தி. வேறெதுவும் கலக்கவில்லை."

டாக்டர் அதற்குமேல் அவர் பக்கம் திரும்பவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார். கம்பளி வந்தது, சர்க்கரைச் சத்து ஏற்றும் ஊசி வந்தது. கதவு சாத்தப்பட்டது.

வெளியே பெஞ்சில் பூவம்மாவும் சிவந்தியும் உட்கார்ந்தார்கள். பக்ருதீன் எங்கேயோ போய் இரண்டு கோப்பை டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. ராவ்சாகிப் மட்டும் ஜட்கா பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. மெத்தையில் உட்காரும்படி இல்லையாம்.

இருட்டுவதற்குள் டாக்டர் வெளியே வந்தார்.

"மூச்சு சீராகிவிட்டது. பிழைத்துக்கொள்வான். அவனை ஒருக்களித்துப் போட்டது யார்?"

பூவம்மா சிவந்தியைக் காட்டினாள்.

"நீயா? மல்லாக்கப் போட்டிருந்தால் அந்த வாந்தியே அவனை முடித்திருக்கும்."

சிவந்தி அதுவரை அழவில்லை. இப்போது அழுதாள். நன்றாகவே அழுதாள், மூக்கை மட்டும் உறிஞ்சவில்லை.

பூவம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாமி... எங்க குப்பத்துல புள்ளைங்களுக்குச் சளி புடிச்சா ஒரு மூடி சாராயம் ஊத்துவோம். நானே இவனுக்கு ஊத்திக்கீறேன். அதுவும்..."

"அதுவும்தான். இனிமேல் ஊற்றாதே" என்றார் டாக்டர். "சின்ன உடம்பு, அம்மா. அது உள்ளே போனால் முதலில் அறிவைத் தூங்கவைக்கும். கொஞ்சம் கூடிப்போனால் மூச்சையும் தூங்கவைத்துவிடும். அதற்கு நாட்டுச் சரக்கு, சீமைச் சரக்கு என்று வித்தியாசம் கிடையாது."

பூவம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராவ்சாகிப் தாண்டவராயர் உடல்நிலை காரணமாகச் சங்கத் தலைவர் பதவியை விட்டுவிட்டதாகப் பின்னால் ஒரு பத்திரிகையில் வந்தது. உடம்புக்கு என்ன என்று ராயபுரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஆஸ்பத்திரி ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றது. வேலப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து, முகம் வெளுத்திருந்தது.

"டேய் தோஸ்து, எப்டிடா இருந்துச்சு?" என்று ஒருவன் ஆவலாகக் கேட்டான். "ஜாலியா இருந்துச்சா? ராஜா மாதிரி பறந்தியா?"

"தொண்ட எரிஞ்சுது" என்றான் வேலப்பன். "அப்பால எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. வாந்தி வர மாதிரி இருந்துச்சு. அப்பால ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே இல்லடா. இருட்டுகூட இல்ல. நான் எங்க பூட்டேன்னே தெரியல."

"பூவம்மா பெரிம்மா வழியெல்லாம் உன்னக் கூப்டுக்கினே வந்துதே" என்றாள் சிவந்தி. "அதுகூட கேக்கலியா?"

வேலப்பன் யோசித்துப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான். "கேக்கல."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவம்மா கரையில் நின்று கூப்பிட்டால் கட்டுமரத்தில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலா கேட்கவில்லை? பக்கத்தில், மடியில் படுத்திருந்தவனுக்கா?

ஒருத்தி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு வேலப்பனின் போர்வை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வராந்தாவின் கோடியில், கஞ்சிச் சட்டியோடு வந்த பூவம்மாவின் குரல் எழுந்தது.

"டேய் வேலப்பாஆஆ! கஞ்சி ஆறிப்போவுதுடாஆஆ!"

வார்டே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஒருத்தி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடினாள்.

"கேக்குதும்மா!" என்றான் வேலப்பன். முகம் முழுவதும் சிரிப்பாக, இன்னும் ஒரு முறை சொன்னான். "நல்லா கேக்குதும்மா!"